நானூற்றுப் பதினாறு ஹோல்ராய்டுகள்

அப்பாவின் இடது காலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குதிகாலுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள் ஏவிஸ். வாசல் கதவின் துவாரம் வழியாகத் தபால் விழுந்தது. நான்கு நாட்களாகச் சூப்புக்கும் மருந்துக்கும் திறக்காத கிளிஃபர்டின் கண்கள் அந்தச் சத்தத்துக்குத் திறந்தன.

“தபால்.”

“கேட்டுச்சுப்பா. இந்தக் காலை முடிச்சுட்டு எடுக்கிறேன்.”

“தபால்,” என்றார் மறுபடியும்.

காலைத் தலையணை மேல் வைத்துவிட்டுப் போனாள். மார்ச் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து இந்த வீட்டில் எல்லா வேலையும் பாதியில் நின்று பாதியில் தொடங்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. வாசல் மிதியடியின் மேல் ஒரு விதைக் கடை விளம்பரமும் ஒரு கடிதமும் கிடந்தன. கடித உறையில் இருந்த கையெழுத்து அவளுடையதுதான். பதில் எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்காக, தன் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் சேர்த்தே அனுப்புவது அப்பாவின் வழக்கம். கை விழுந்தபின் அந்த விலாசத்தை எழுதுவதும் அவள் வேலையானது.

“ரிப்பன்டன்ல இருந்துப்பா. டெரிக் ஹோல்ராய்டுக்குக் குழந்தை பிறந்திருக்காம். ஏழு பவுண்டு எடை. பொண்ணு.”

கிளிஃபர்ட் யோசித்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பேச்சு குழறினாலும் எண்ணும் பெயரும் மட்டும் தெளிவாக வரும்.

“பொண்ணா. பரவால்ல. கல்யாணம் ஆகுற வரைக்கும் நம்ம கணக்குதானே. போய் மாத்து. நானூத்திப் பதினேழு.”

ஏவிஸ் பவுடர் டப்பாவை மூடினாள். சமையலறைக்குப் போனாள்.

கிளிஃபர்ட் ஹோல்ராய்ட் முப்பத்தெட்டு வருஷம் வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் பார்த்தவர். ஒருமுறை ஒரு யூனிட் தப்பாக எழுதிவிட்டோமோ என்ற சந்தேகத்தில், மழையில், ஹெப்டன் பிரிட்ஜ் வரைக்கும் திரும்ப நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்படி வாசல் வாசலாக ஏறி இறங்கியபோதுதான் தன் பெயரே எத்தனை வாசலில் இருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. அன்று பிடித்த கிறுக்கு. நூலகத்தில் உட்கார்ந்து நாட்டிலுள்ள டெலிபோன் புத்தகங்கள் அத்தனையையும் புரட்டி ஹோல்ராய்டுகளை எண்ணினார். வரைபடத்தில் குண்டூசி குத்தினார். ஹாலிஃபாக்ஸைச் சுற்றித் தாள் கிழிகிற அளவுக்குக் குண்டூசி. தெற்கே போகப் போக அங்கொன்று இங்கொன்று. கார்ன்வாலில் ஒரே ஒருவர்.

“எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் கோடாலியோட பார்க்கிஸ்லண்டு பக்கம் ஒரு பள்ளத்துல இறங்கினான். காட்டை வெட்டி நிலமாக்கினான். பள்ளத்து வெட்டுநிலம், அவ்வளவுதான் நம்ம பேருக்கு அர்த்தம். இன்னிக்கும் பாரு, நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் அந்தப் பள்ளத்துல இருந்து பத்து மைல்கூடத் தாண்டல. சோம்பேறிப் பசங்க,” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பால்காரர்கூடத் தப்பியதில்லை.

நாடு முழுவதும் உத்தேசக் கணக்குதான். ஆனால் தான் மீட்டர் பார்த்த எல்லைக்குள் உத்தேசம் கூடாது. அங்கே ஒவ்வொரு ஹோல்ராய்டுக்கும் கடிதம் போட்டு விசாரித்து, ஆளுக்கு ஓர் அட்டை. மூன்று பெட்டிகள்: இருப்பவர்கள், இறந்தவர்கள், போனவர்கள். வேறு ஊருக்குப் போனவர்களும், கல்யாணமாகி வேறு பெயருக்குப் போன பெண்களும் மூன்றாவது பெட்டிக்குப் போவார்கள். இருப்பவர்களின் மொத்த எண்ணிக்கை சாமான் அறைக் கதவின் உட்பக்கம், ஒரு கற்பலகையில், சாக்கட்டியால் எழுதியிருக்கும். பாலெடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

ஏவிஸ், ரானி பட்டர்வொர்த் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டது ஐம்பத்தாறாம் வருஷம், ஜூன் மாதம். மலைக்கு அந்தப் பக்கத்து லங்காஷயர்ப் பையன் என்று அப்பா கொஞ்சம் கேலி செய்தார், அவ்வளவுதான். மறு ஞாயிறு சாப்பிட வந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்தாள். அவள் அட்டை மூன்றாவது பெட்டியில் இருந்தது. பெயரின் மேல் சிவப்பு மையில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு.

“என்னை எடுத்துட்டீங்களாப்பா?”

“மீட்டர்ல என்ன காட்டுதோ அதைத்தானேம்மா எழுதணும்? உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு.”

அவள் தம்பி நெவில் கல்யாணம் செய்தபோது அவன் மனைவி கிளெனிஸுக்குப் புது அட்டை வந்தது. வேல்ஸிலிருந்து வந்தவள். ஹோல்ராய்ட் என்றால் என்னவென்றே தெரியாது. ரானி இறந்து, ஏவிஸ் இந்த வீட்டுக்கே திரும்பி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. சமைத்தாள், துவைத்தாள், கடைசியில் குளிப்பாட்டவும் செய்தாள். இதெல்லாம் எந்தப் பெட்டியிலும் வராது.

சாமான் அறைக் கதவைத் திறந்தாள். 416. சாக்கட்டியைக் கையில் எடுத்தாள். கல்யாணம் ஆகுற வரைக்கும் நம்ம கணக்கு. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாக்கட்டியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். நின்றபடியே, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

“எழுதிட்டியா?” என்றார் அவர், அவள் உள்ளே வந்ததும்.

“எழுதிட்டேன்.”

“எவ்வளவு?”

“நானூத்திப் பதினேழுப்பா.”

“சரி.”

மற்றக் காலுக்கு வெந்நீர் எடுத்துவர அவள் மறுபடி சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் உயிர் போயிருந்தது. பாத்திரத்திலிருந்த வெந்நீரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மணி பார்த்தாள். ஒன்பது பத்து. பிறகு அந்த வலது காலையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான், சாவு வீட்டு வழக்கப்படி, ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். பத்து நிமிஷத்தில் எதிர்ச் சாரியில் மிஸஸ் சக்டன் வீட்டுத் திரைகளும் மூடிக்கொண்டன. யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பஸ் பிடித்து ஹாலிஃபாக்ஸ் போய் இறப்பைப் பதிந்தாள். பதிவாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“ஹோல்ராய்டா? போன மாசம்கூட ரெண்டு பேர் வந்தாங்க.”

“தெரியும். ரெண்டு அட்டையையும் நான்தான் மாத்தி வெச்சேன்.”

பதிவாளருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. “நீங்க அவருக்கு?”

“மகள்.”

“உங்க பேரு?”

“ஏவிஸ் பட்டர்வொர்த்.”

“பட்டர்வொர்த்தா? மலைக்கு அந்தப் பக்கத்துப் பேராச்சே.”

“வீட்டுக்காரர் அந்தப் பக்கம்,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், ரிப்பன்டன் குழந்தைக்கு ஓர் அட்டை எழுதி முதல் பெட்டியில் வைத்தாள். அதிலிருந்த அப்பாவின் அட்டையை எடுத்து இரண்டாவது பெட்டியில் வைத்தாள். பலகையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒன்று வந்தது, ஒன்று போனது. அவள் சொன்ன பொய் இப்படியாக நேராகிவிட்டது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, வெறும் களைப்பாக இருந்தது.

திங்கட்கிழமை அடக்கத்துக்கு எழுபது பேர் வந்திருந்தார்கள். பாதிக்கு மேல் முன்பின் தெரியாதவர்கள். “எனக்கும் அவர் ஒரு லெட்டர் போட்டாருங்க,” என்றார் ஒருவர். “எனக்கு மூணு. நான் பதிலே போடல. அதான் வந்தேன்,” என்றார் இன்னொருவர். எல்லாரும் ஹோல்ராய்டுகள். சொந்தம் என்று சொல்ல ஒருவருக்கொருவர் ஒன்றுமில்லை. ஆனாலும் தேவாலயத்துக் கூடத்தில் ஒருவர் மூக்கை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டார்கள்.

ஏவிஸ் முந்தின நாள் முழுக்க நின்று, அடக்க விருந்துக்குப் பன்றித்தொடை ஹாம் வெட்டியிருந்தாள். “நல்ல கனமாவே வெட்டியிருக்கம்மா. உங்கப்பாவைக் குறைவில்லாம அனுப்பிட்ட,” என்று மிஸஸ் சக்டன் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தாள்.

எல்லண்டிலிருந்து வந்த கிழவர் ஒருவர் கிளெனிஸின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “மிஸஸ் ஹோல்ராய்ட், உங்களுக்குத்தான் பெரிய இழப்பு. நீங்கதானே கூட இருந்து பார்த்துக்கிட்டீங்க?” கிளெனிஸ் வாயைத் திறப்பதற்குள் அவர் ஏவிஸ் பக்கம் திரும்பினார். “இன்னொரு கப் தேநீர் கிடைக்குமாம்மா? சர்க்கரை ரெண்டு.”

ஏவிஸ் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு சர்க்கரை போட்டாள்.

மூன்று மணிக்கு வீட்டுக்குத் திரும்பினார்கள். கிளெனிஸ் தலைவலி என்று மாடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். பெட்டிகளை ஊர்க் குடும்ப வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். அதற்கு ஒரு படிவம் இருந்தது. நெவில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினான். முடித்துவிட்டு மறுபடி அடுக்கினான்.

“ஏவிஸ், பலகையில எவ்வளவு போட்டிருக்கு?”

“நானூத்திப் பதினாறு.”

“அட்டை நானூத்திப் பதினஞ்சுதான் இருக்கு.”

“சரியா எண்ணு.”

“ரெண்டு தடவை எண்ணிட்டேன். நீ ஏதாவது ஒண்ணைத் தொலைச்சிருப்ப. இந்த ஆறு மாசமா நீதானே பார்த்த?”

அவளுக்குச் சுருக்கென்றது. இந்தப் பழியும் தன் தலையில்தானா? எழுந்து போய் அலமாரியிலிருந்து வருஷக் கணக்கு நோட்டுகளைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள். ஒவ்வொரு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியும் அப்பா எழுதியவை: பிறந்தவர், வந்தவர், இறந்தவர், போனவர், மீதி.

“என் கை படாத வருஷம் எல்லாம் இதுல இருக்கு. பார்த்துட்டுப் பேசு.”

நெவில் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனான். எண்பத்தாறு, எண்பத்தைந்து. அந்தந்த வருஷத்துக் கூட்டல் கழித்தல் சரியாக இருந்தது, ஆனால் அந்த ஒன்று மட்டும் ஒவ்வொரு வருஷமும் முந்தின வருஷத்திலிருந்து தொற்றிக்கொண்டே வந்தது. வெளியே இருட்டத் தொடங்கியது. ஏவிஸ் கோப்பைகளைக் கழுவினாள்.

“கிடைச்சிருச்சு,” என்றான். குரல் தணிந்திருந்தது. “ஐம்பத்தாறு. இங்க வந்து பாரு.”

அவள் ஈரக் கையோடு வந்து குனிந்தாள். கல்யாணமாகிப் போனவர்கள் என்ற தலைப்பின் கீழே ஐந்து பெயர்கள். கடைசிப் பெயர் ஏவிஸ். பக்கத்தில், கழித்தது என்று போட்டு, நான்கு. அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. அழுத்தமான மை.

“பெயரை எழுதியிருக்கார். கழிக்கல,” என்றான் நெவில். “ஒரு யூனிட்டுக்காக ஹெப்டன் பிரிட்ஜ் வரைக்கும் நடந்த மனுஷன். இது தெரியாமலா இருந்திருக்கும்? முப்பத்தோரு வருஷம், ஏவிஸ். ஒவ்வொரு வருஷமும் இந்தத் தப்பைத் தெரிஞ்சே எழுதியிருக்கார்.”

ஏவிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது கோபம்தான்.

“வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செத்தா போயிருப்பாரு?” என்றாள். “பதினோரு வருஷம் எதிர்லயே உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பு போதலன்னு சொல்லத் தெரிஞ்சுது.”

நெவில் அவளைப் பார்க்காமல் நோட்டை மூடினான். அட்டைக் கட்டுகளுக்கு ரப்பர் வளையம் போட்டான். எல்லாம் முடிந்தபின் தொண்டையைச் செருமிக்கொண்டு படிவத்தை இழுத்தான்.

“இதுல மொத்தம்னு ஒரு கட்டம் இருக்கு. அட்டைப்படி நானூத்திப் பதினஞ்சுன்னு போடட்டுமா? சங்கத்துல எண்ணிப் பார்ப்பாங்க.”

“எண்ணட்டும்.”

“அப்ப?”

“நானூத்திப் பதினாறு. அப்பா எழுதினது. எழுதுடா.”

அவன் எழுதினான்.

அவனுக்குத் தேநீர் போடலாம் என்று பாலெடுக்கச் சாமான் அறைக் கதவைத் திறந்தாள். சில வாரங்களாகக் கையில் தட்டுகளோடு உள்ளே போவதும் வருவதுமாக, அவள் தோள் உரசி உரசி, 416-இல் ஆறின் கீழ்ப்பாதி மங்கிப்போயிருந்தது. சாக்கட்டியை எடுத்தாள். அந்த மங்கிய சுழியின் மேலேயே மெதுவாக, ஒரு சுற்று வரைந்தாள். பிறகு பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.