மூன்றாவது சொல்

"இது போதும் மேடம். இதுக்கு மேல பேசி அவ என்ன பண்ணப் போறா?"

கணவன் மேஜைமேல் போட்ட தாளைப் பேச்சுப் பயிற்சியாளர் எடுத்துப் படித்தார். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு எந்தச் சொற்கள் முதலில் திரும்ப வேண்டும் என்று வீட்டாரிடம் பட்டியல் கேட்பது அவர் வழக்கம். நோயாளியைக் கேட்காமல் வீட்டாரைக் கேட்டது எவ்வளவு பெரிய தப்பு என்பது, அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

சரிங்க. இதோ. வர்றேன். ஆச்சுங்க. தப்புதான். இப்படி இருபது. வலிக்குது இல்லை. பசிக்குது இல்லை. வேண்டாம் என்பது மருந்துக்கும் இல்லை.

"கூப்பிட்டா மரம் மாதிரி நிக்கிறா," என்றாள் கூட வந்த நாத்தனார். "வாய் இருந்தப்ப மட்டும் என்னத்தப் பேசிட்டா?"

நாற்காலியில் இருந்த மனைவி, விளங்காத வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். போனது பேச்சுதான், காது அல்ல. இருபத்தாறு வருஷமாக அந்த இருபது சொற்களை வைத்தே குடும்பம் நடத்தியவள் அவள்.

பயிற்சியாளர் 'வலிக்குது'வில் தொடங்கினார். வீட்டார் சொற்களையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். மூன்று வாரத்தில் வலிக்குது வந்தது, தண்ணி வந்தது, சரிங்க கூட வந்தது. வர்றேன் மட்டும் வரவில்லை. வீட்டில் கணவன் அறைக்கு அறை நின்று கூப்பிட்டுப் பார்த்தான். உதடு அசையும், காற்று வரும், சொல் வராது.

நாலாம் வாரம் கொதித்துக்கொண்டு வந்தான்.

"நான் கேட்டது ஒண்ணு, நீங்க சொல்லிக் குடுக்கிறது ஒண்ணு! வேலை சொன்னா 'வலிக்குது'ங்கிறா. இதுக்கா கூட்டிட்டு வந்தேன்? நாளையிலேர்ந்து இவ வரமாட்டா."

"அதை அவங்க சொல்லட்டும் சார்."

"இவளா?" நாத்தனார் சிரித்தாள். "சொல்லிக் கிழிச்சா!"

பயிற்சியாளர் நாற்காலிக்கு எதிரே குனிந்தார்.

"அக்கா, நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?"

அவள் கணவனைப் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"நா... நாளைக்கு... வர்றேன்."

அவனே கைப்பட எழுதிக் கொடுத்த சொல். மூன்று வாரமாக அதைக் கேட்கக் காத்திருந்தவன், கேட்டதும் வெலவெலத்துப் போனான்.