ஐநூறு மில்லி டேங்க்

என் மச்சான் சுப்பராயலுவுக்கு இஞ்சினைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. என் தலைவலியே அதுதான். பழவேற்காடு ஏரியில் ஓடும் படகு இஞ்சின்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. போதாக்குறைக்கு என் மனைவி அமுதவல்லியின் அண்ணன். ஆகவே என் விமானத்தில் கை வைக்க அவருக்கு இரட்டை உரிமை.

விமானம் என்றால் ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானம். இறக்கை ஐந்தடி. ஆனால் மூக்கில் இருப்பது நிஜமான டூ ஸ்ட்ரோக் இஞ்சின். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து குடித்துவிட்டு ஊரையே எழுப்புகிற மாதிரி கத்தும். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்த எண்ணெய் டேங்க் ஒழுகியது. புதிது வாங்கக் கிளம்பினேன். அங்கே பிடித்தது சனி.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நான் கிரேன் எலக்ட்ரீஷியன். துறைமுகம் வேண்டாம் என்று எங்கள் குப்பமே ரோட்டில் உட்கார்ந்திருந்த வாரத்தில்தான் எனக்கு வேலைக்கு உத்தரவு வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன். மூன்று வருஷம் ஆகிறது, ஊரில் என்னோடு யாரும் பேசுவதில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒதுக்கிவைத்ததாகக் கூட்டம் போட்டுச் சொல்லவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அமுதவல்லி குழாயடிக்குப் போனால் அங்கே நடக்கிற பேச்சு நின்றுவிடும். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். எங்களோடு பேசிய ஒரே ஆள் சுப்பராயலு மச்சான்.

அவர்தான் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார். தை மாதம் கங்கையம்மனைப் படகில் ஏற்றி ஏரியைச் சுற்றி வருவது எங்கள் ஊர் வழக்கம். "இந்த வருசம் நம்ம லோகநாதன் பிளேனுல பூ போடுவான்" என்று சொல்லிவிட்டார். ஊர்த்தலைவர் தருமன் தரையைப் பார்த்துக்கொண்டு, "போட்டா போடட்டும்" என்றாராம். மூன்று வருஷத்தில் என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அமுதவல்லி அன்றைக்கு மீன் குழம்பு வைத்தாள். பூ மட்டும் அம்மன் முன்னால் விழுந்துவிட்டால் நாங்கள் மறுபடி ஊர்க்காரர்கள். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது.

என் இஞ்சினுக்கு முந்நூறு மில்லி டேங்க் போதும். பத்து நிமிஷம் தாராளமாகப் பறக்கலாம். சென்னைக் கடைக்காரர் தவறுதலாக இரண்டு அனுப்பிவிட்டார்: முந்நூறு ஒன்று, பெரிய இஞ்சினுக்கான ஐநூறு ஒன்று. மச்சான் பெரியதைக் கையில் எடுத்தார். அதோடு என் நிம்மதி போயிற்று.

"இத்தை உட்டுட்டு அந்தக் குருவி முட்டையை ஏன் மாப்ளே வெக்கிற?"

"அது போதும் மச்சான்."

"தண்ணிமேல போறவன் எண்ணெயைக் கொறைச்சு எடுத்துனு போவானா? ஏரில இஞ்சின் நின்னா எவனாயிருந்தாலும் வந்து கயிறு போட்டு இழுப்பான். மேல நின்னா எவன்டா கயிறு போடுவான்?"

"அளவு மட்டும் இல்லை மச்சான், மட்டம்னு ஒண்ணு இருக்கு. டேங்கோட நடு, கார்புரேட்டர் மட்டத்துக்கு இருக்கணும். பெரிசு அந்த இடத்துல நுழையாது. கீழே எறக்கி வெச்சா எண்ணெய் ஏறாது."

"ஏறாதா?" மச்சான் சிரித்த சிரிப்பில் வீட்டுப் பூனை ஓடியது. "படகுல டேங்கு எங்கடா கீது? அடித்தட்டுல. இஞ்சின் எங்க கீது? மேல. முப்பது வருசமா ஏறினுதான் கீது."

படகு இஞ்சினில் பம்ப் உண்டு, இதில் கிடையாது என்றேன். டேங்குக்குள் இருக்கும் மெல்லிய குழாயையும் அதன் முனையில் தொங்கும் குண்டையும் ஆட்டிக் காட்டினேன். எண்ணெய் எந்தப் பக்கம் சாய்கிறதோ குண்டும் அந்தப் பக்கம் போகும், இஞ்சின் தானே இழுத்துக்கொள்ள வேண்டும், மூக்கு மேலே தூக்கினால் கீழே இருக்கும் எண்ணெய் எட்டாது என்று ஒரு வாரம் சொன்னேன். துறைமுகத்தில் நூறு டன் கிரேனுக்கு என் பேச்சு புரிகிறது. என் மச்சானுக்குப் புரியவில்லை. அமுதவல்லி நடுவில் புகுந்து, "எந்த எழவை வெச்சாலும் வெச்சித் தொலைங்க, பூ வுழுந்தா போதும்" என்றாள்.

கடைசியில் முந்நூறையே வைத்து, பஞ்சு சுற்றி, மூடிவிட்டுத் தூங்கினேன்.

திருவிழா அன்று காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் மச்சான். மடியில் என் விமானம். மூக்கின் அடிப்பலகையை வெட்டி, ஐநூறு மில்லி டேங்கைப் பசுவின் மடி மாதிரி கீழே தொங்கவிட்டு, நைலான் வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பயப்படாத மாப்ளே. ஓட்டிப் பாத்துட்டேன். சோக்கா ஓடுது."

தரையில் ஓடும். தரையில் எதுதான் ஓடாது? எனக்கு வந்த கோபத்துக்கு விமானத்தைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். பலகையை ஒட்டிக் காய வைக்க நேரமில்லை. கரையில் மேளம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஊரே வாயை மூடிக்கொண்டபோது வாயைத் திறந்த மனுஷர். விமானத்தை வாங்கிக்கொண்டேன். மூக்கைத் தூக்காமல் ஓட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏரியில் பதினோரு படகுகள். முதல் படகில் கங்கையம்மன், சுக்கானில் தருமன். வயிற்றுக்கடியில் கட்டிய பெட்டியில் சாமந்தியோடு விமானம் மணலில் ஓடி, பிள்ளைத்தாச்சி மாடி ஏறுகிற மாதிரி மெதுவாக மேலே போனது. மட்டமாகவே ஒரு வட்டம் அடித்தேன். இரண்டாவது வட்டத்தில் அம்மன் படகுக்கு முன்னால் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் மஞ்சளாகப் பூ கொட்டியது. குலவைச் சத்தம் கரைக்குக் கேட்டது. பக்கத்தில் அமுதவல்லி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் பின்னால் வந்த படகின் கொடிக்கம்பத்தைக் கவனிக்காமல் விட்டேன். மோதாமலிருக்க மூக்கைத் தூக்கினேன். தூக்கித்தான் ஆக வேண்டும். இஞ்சின் ஒரு இருமல் இருமி நின்றது. விமானம் வயிற்றை அடித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது.

குலவை நின்றது. மேளமும் நின்றது. மூன்று வருஷமாக நான் கேட்டுப் பழகிய அதே அமைதி. முடிந்தது கதை என்று ரிமோட்டை மணலில் வைத்துவிட்டேன்.

அப்போது தருமன் சுக்கானை வளைத்தார். அம்மனையும் ஏற்றிக்கொண்டே படகு திரும்பியது. பின்னாலேயே மற்றப் படகுகளும் வரிசையை விட்டு விமானத்தை நோக்கிப் போயின. ஒருவன் குதித்து அதைத் தூக்கிக் கொடுத்தான். தருமன் வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். படகு நேராக நான் நின்ற கரைக்கு வந்தது.

தருமன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட விமானத்தை என்னிடம் நீட்டினார். தரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்பா லோகு, இன்னாச்சி? எண்ணெய் பத்தலையா?"

மச்சான் அதற்குள் கையை நீட்டி வாங்கி விமானத்தை ஆட்டினார். டேங்கில் முக்கால்வாசி எண்ணெய் களக் களக் என்றது. அவர் முகம் செத்துவிட்டது. என்னைப் பார்த்தார். சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

"ஆமாண்ணா" என்றேன் தருமனிடம். "பத்தல."

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். "தண்ணிமேல போறவன் எண்ணெயைக் கொறைச்சா எடுத்துனு போவான்?" "இத்தினியூண்டு டேங்குல எம்மாந்தூரம் போவும்?" "அடுத்த வருசம் அஞ்சு லிட்டர் கேனா கட்டுப்பா!" வேலம்மா என்று ஒருத்தி, குழாயடியில் எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், அமுதவல்லியிடம் வந்து, "நீயாவது சொல்லக் கூடாதாடி உன் ஊட்டுக்காரனுக்கு?" என்று அதட்டினாள். அமுதவல்லி சிரித்துக்கொண்டே அழுதாள்.

டேங்கின் நடு கார்புரேட்டர் மட்டத்துக்கு இருக்க வேண்டும். அளவில் ஒன்றுமே இல்லை, மட்டத்தில்தான் எல்லாம். சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அத்தனை பேரும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் என் கண்ணை மறைத்தது.

"சரிண்ணா" என்றேன். "பெரிசாவே போட்டுடறேன்."