முதல் சத்தம்

"சொந்த ஜன்னலுக்கே கூலிக்குக் கண்ணாடி மாட்டுற முதல் ஆள் நீதான், ஹபீபி," என்றான் தச்சன் ஜோர்ஜ்.

நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு ஜன்னல் அது. கண்காட்சிக்குக் கேட்டார்கள், கொடுத்தேன்.

பெய்ரூட்டில் ஒரு பழைய கிடங்கு. நான்கு நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சி. ஆளுக்கோர் அறை, பார்க்க வருபவர்கள் உள்ளே போய் உட்காரலாம், தொடலாம். மின்சார வேலை என்னுடையது, தச்சு வேலைக்கும் கைகொடுப்பேன். போலந்துக்காரி மார்த்தாவின் அறை, துறைமுகம் வெடித்த மாலையில் இந்த ஊர் வீடு ஒன்று இருந்த மாதிரி. சோபா, காப்பி மேசை, ஜன்னல். ஒலிபெருக்கியில் முதலில் ஒரு சத்தம். அரை நிமிடத்தில் தரை அதிரும் பெரிய சத்தம்.

குண்டுச் சத்தம் கேட்டால் நாங்கள் ஜன்னலைத் திறந்துவிடுவோம். அடுத்தது விழும்போது கண்ணாடி தப்பும். போர்க்காலப் பழக்கம். அன்று முதல் சத்தத்துக்கு என் மனைவி ரீமா அதைத்தான் செய்தாள், இரண்டாவதில் போய்விட்டாள். நான் சமையலறையில் இருந்தேன். எனக்குக் கீறல்கூட இல்லை.

"ஜன்னலை ஆணியடிச்சு மூடிடுங்க," என்றேன் மார்த்தாவிடம். "யாரும் கிட்ட போகக்கூடாது."

"போகணும், நஸ்ரி. வெளிநாட்டுக்காரங்க உக்காந்தே இருப்பாங்க. உங்க ஊர்க்காரங்க எழுந்து ஜன்னலுக்கு ஓடுவாங்க. அதுதான் இந்த அறையே."

திறப்பு நாள். முதல் சத்தம் கேட்டதும் சோபாவில் இருந்த வெளிநாட்டவர்கள் கூரையைப் பார்த்துச் சிரித்தார்கள். பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். பயமில்லை. அடுப்பை அணைக்கப் போகிறவள் மாதிரி நடந்தாள். கை தாழ்ப்பாளுக்குப் போனது.

நான் எப்போது ஓடினேன் என்று தெரியாது. அவள் கூந்தல் என் கையில் இருந்தது. இழுத்தேன். முகம் மேசை விளிம்பில் மோதியது. கீழே தள்ளி மேலே விழுந்து அழுத்தினேன். பெரிய சத்தம் வந்தது. தரை அதிர்ந்தது. யாரோ கைதட்டினார்கள்.

"விடுடா நஸ்ரி! செத்துடப் போறா!" ஜோர்ஜ் என் விலாவில் உதைத்தான்.

அவள் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் விழுந்தது. "பைத்தியக்காரா! ஜன்னலைத் திறடா, கண்ணாடி போயிடும்!"

ஒலிப்பதிவு முடிந்ததும் தானே மறுபடி தொடங்கும்படி இணைத்தவன் நான்தான்.

முதல் சத்தம்.

அவள் ஊர்ந்தாள். நான் அவள் சட்டைக் கையைப் பிடித்தேன். தோளில் தையல் மெதுவாகப் பிரிந்துகொண்டு வந்தது. அவள் விரல்கள் தாழ்ப்பாளைத் தொட்டன.