கப்பலில் கொதித்த குழம்பு

கமலக்கண்ணன் சீட்டுக்கட்டோடு வீட்டுக்கு வந்தபோது சத்யப்ரியா காலாண்டுப் பரீட்சைப் பேப்பர்களைத் தரையில் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். அவன் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர். அவன் ராஜபாளையத்துக்காரன், அவள் பாலக்கோட்டுக்காரி. கல்யாணமாகி நாலு வருஷத்தில் இருவரும் சேர்ந்தாற்போல உட்கார்ந்து பேசியது குறைவு. அவன் ஷிப்டு முடிந்து வந்தால் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அவள் வந்தால் அவன் தூக்கத்தில் இருப்பான்.

"என்னங்க இது? ஆள் சேர்த்துச் சீட்டாடப் போறீங்களா?"

"வெளி ஆள் எதுக்கு? அதான் நீ இருக்கியே" என்று அவன் பேப்பர்களை ஒதுக்கிவிட்டு எதிரே சம்மணம் போட்டான். "கம்பெனியில டூர் முடிவாயிருச்சு. டிசம்பர்ல கோவா, குடும்பத்தோட. அங்க ஆத்துல கப்பல் நிக்கிதாம், உள்ள சூதாட்டம். பிளாக்ஜாக்னு ஒரு ஆட்டம். பிரவுசிங் சென்டர்ல உக்காந்து எல்லாம் படிச்சிட்டேன். நம்ம சீட்டக் கூட்டினா இருபத்தொண்ணுக்குப் பக்கத்துல போகணும். தாண்டிட்டா அவுட்டு."

"யாரோட ஆடணும்?"

"கப்பல்காரனோட."

"அப்ப அவன்தான் ஜெயிப்பான். இல்லாட்டி எப்படிக் கப்பல் வாங்கினான்?"

"அங்கதான் விஷயமே இருக்கு. வர்ற சீட்ட எண்ணிக்கிட்டே இருந்தா நாம ஜெயிக்கலாமாம். அமெரிக்காவுல ஒரு புரொபசரே கணக்குப் போட்டுக் காட்டியிருக்காரு."

சத்யப்ரியாவுக்குச் சிரிப்புதான் வந்தது. லாட்டரிச் சீட்டு விற்பவர்களும் இப்படித்தான் கணக்குச் சொல்வார்கள். "போய்க் குளிங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்தாள். ஆனால் அவன் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் சிவப்புப் பேனாவை மூடிவிட்டுச் சீட்டுக்கட்டைக் கையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

தாயக்கட்டையை எத்தனை தரம் உருட்டினாலும் முன்னால் என்ன விழுந்தது என்று அதற்கு ஞாபகம் இருக்காது. வகுப்பில் வருஷா வருஷம் அவள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. ஆனால் சீட்டுக்கட்டு அப்படியில்லை. நாலு ராஜாவும் வெளியே வந்துவிட்டால் உள்ளே ராஜா இல்லை. போன சீட்டைப் பார்த்தால் வரப்போகும் சீட்டைப் பற்றிக் கொஞ்சமாவது தெரியும்.

"என்னங்க, அந்தப் புரொபசர் எப்படி எண்ணச் சொல்றாரு?" என்று அவளே கேட்டாள்.

விஷயம் சுலபமாகத்தான் இருந்தது. ரெண்டிலிருந்து ஆறு வரை சின்னச் சீட்டு வந்தால் ஒன்று கூட்டணும். ஏழு, எட்டு, ஒன்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். பத்து, பத்தாகவே மதிப்புள்ள ஜாக்கி, ராணி, ராஜா, பதினொன்றாகும் ஏஸ், இவை வந்தால் ஒன்று கழிக்கணும். கணக்கு ஏற ஏற, கட்டில் மிச்சமிருப்பதில் பெரிய சீட்டு அதிகம் என்று அர்த்தம். பெரிய சீட்டு அதிகமிருந்தால் சீட்டுப் போடுகிறவன் இருபத்தொன்றைத் தாண்டி விழுவான். நமக்கு ஏஸும் பத்துமாக வந்தால் ஒன்றரைப் பங்கு கிடைக்கும். அப்போது மட்டும் பெரிதாகப் பணம் கட்டணும். மற்ற நேரமெல்லாம் சின்னதாகக் கட்டி உட்கார்ந்திருக்கணும்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அவன் வந்த நேரம் அவள் இருந்தால் உடனே சீட்டு. அவன் போடுவான், அவள் எண்ணுவாள். அடுத்த ஞாயிறு ஆள் மாறிப் போட்டுப் பார்த்தார்கள். அவனுக்கு எண்ண வரவில்லை. ஆறு வந்தால் கூட்டுவான், ராணி வந்தால் ரசித்துக்கொண்டு நிற்பான். ஆனால் தைரியமாகக் கட்டுவதில் அவன் கெட்டிக்காரன். எப்போது சீட்டு கேட்பது, எப்போது நிறுத்துவது என்கிற அட்டவணையும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆகவே அவள் எண்ணுவது, அவன் கட்டுவது என்று முடிவாயிற்று. கப்பலில் ஆறு கட்டைக் கலந்து ஒரு பெட்டியில் அடுக்கிப் போடுவார்களாம், அதனால் ஒரு கட்டு ஆறு கட்டானது. கெலவரப்பள்ளி அணைக்குப் போன ஞாயிற்றுக்கிழமையில்கூட, மற்ற குடும்பங்கள் புளியோதரைப் பொட்டலம் பிரிக்க, இவர்கள் துண்டை விரித்துச் சீட்டைப் பிரித்தார்கள்.

ஒரு நாள் கீழ் வீட்டுச் சரோஜம்மாள் வாசலில் வந்து நின்றாள். வீட்டுக்காரி அவள்தான்.

"டீச்சரம்மா, கதவத் தொறந்து போட்டுப் பட்டப்பகல்ல சீட்டாடறீங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாத்தா என்ன ஆவறது?"

"மைனஸ் மூணு… காசு வச்சு ஆடலைங்கம்மா… மைனஸ் ரெண்டு… வந்து உக்காருங்க… மைனஸ் ஒண்ணு" என்றாள் சத்யப்ரியா, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரோஜம்மாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மாலூரில் இருக்கும் தன் மருமகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாதி கன்னடம், பாதி தமிழ், இடையிடையே மூட்டுவலி. அரை மணி நேரம் நிறுத்தவில்லை. அன்று சத்யப்ரியாவின் கணக்கு முதல் தடவையாகத் தாறுமாறாகப் போயிற்று. கமலக்கண்ணன் முகமோ பிரகாசமாகிவிட்டது. "இதான் நமக்கு வேணும். அங்க ஒரே சத்தமா இருக்குமாம். அம்மா, நாளைக்கும் வாங்க!" என்றான்.

தன் பேச்சைக் கேட்க இரண்டு பேர் இத்தனை ஆசையாகக் கூப்பிடுகிறார்களே என்று சரோஜம்மாள் பூரித்துப்போனாள். தினமும் வந்தாள். நவம்பர் முடிவதற்குள் மருமகனின் முழுக் கதையும் சத்யப்ரியாவுக்குத் தெரியும், கணக்கும் தப்பாது.

மிச்சமிருந்தது ஒன்றுதான். கணக்கு ஏறுகிறது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? காதைத் தொடுவது, மூக்கைச் சொறிவது எல்லாம் படித்த இடத்தில் போட்டிருந்தது. செய்து பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"தமிழ்லயே பேசிக்குவோம்" என்றான் கமலக்கண்ணன்.

ஓசூரில் அது முடியாது. தமிழில் ரகசியம் பேசினால் ஊருக்கே புரியும். கன்னடத்துக்கு மாறினாலும் புரியும். தெலுங்கில் பேசினால் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். ஆனால் கோவாவில் இந்தி, கொங்கணி, இங்கிலீஷ். தமிழை யார் கண்டார்கள்? இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு அவள் சமையல் பேச்சாக மாற்றிவைத்தாள். குழம்பு தண்ணியாக இருக்கிறது என்றால் கணக்கு கீழே, சின்னதாகக் கட்டு. கொதி வருகிறது என்றால் ஏறுகிறது, கூட்டிக் கட்டு. பொங்குகிறது என்றால் தயங்காதே.

கோவாவில் இரண்டாம் நாள் சாயங்காலம், டூர் வந்த மற்றவர்கள் கடற்கரைக்குப் போக, இவர்கள் கப்பலேறினார்கள். போனால் போகட்டும் என்று தனியாக எடுத்து வைத்திருந்த பணத்தை மட்டும் கொடுத்துப் பிளாஸ்டிக் வில்லைகளாக மாற்றிக்கொண்டார்கள். அவள் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் இருந்தாள். அந்தக் கூடத்தில் பட்டுப் புடவை அது ஒன்றுதான்.

பச்சைத் துணி விரித்த மேசையில் சீட்டுப் போட்டவள் ஒரு மணிப்பூர்ப் பெண். சிரிக்கவே மாட்டாள் போலிருந்தது. வலதுகை பெட்டியிலிருந்து சீட்டை இழுத்த வேகத்துக்கு இடதுகை முடிந்த ஆட்டத்தை வாரிக்கொண்டு போயிற்று. முதல் பெட்டியில் சத்யப்ரியா பாதியிலேயே கணக்கைத் தொலைத்துவிட்டாள். சத்தம் ஒன்றும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. அந்தக் கையின் வேகம்தான். "கொழம்பு கீழ கொட்டிருச்சுங்க" என்றாள் பரிதாபமாக. அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

இரண்டாவது பெட்டியில் கணக்கு சரியாக நின்றது. கொதி வந்தது, கூட்டிக் கட்டினான், தோற்றான். மறுபடி கட்டினான், மறுபடி தோற்றான். சரியாகச் செய்தும் தோற்கலாம் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் தீக்குச்சி வைத்து ஆடியபோது அது வலிக்கவில்லை.

"எந்திரிச்சிருவோமா?" என்று கேட்டாள்.

"கணக்கு சரிதானே?"

"சரிதாங்க."

"அப்ப ஒக்காரு."

அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு எதனாலோ மிகவும் பிடித்திருந்தது.

மூன்றாவது பெட்டியில் காற்று இவர்கள் பக்கம் திரும்பியது. சின்னச் சீட்டாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. "கொதி வருதுங்க… நல்லாக் கொதிக்குது…" கமலக்கண்ணனுக்கு இருபது வந்தது. மறுபடி இருபது. எதிரே சீட்டுப் போட்டவள் இருபத்தாறு எடுத்து விழுந்தாள். அவன் முன்னால் வில்லைகள் அடுக்கடுக்காக ஏறின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சூரத்துச் சேட்டு இந்தியில், "மேடம் என்ன மந்திரமா சொல்றாங்க?" என்று கேட்டார். "வீட்டு ஞாபகம், சமையலப் பத்திப் பேசறா" என்றான் கமலக்கண்ணன், தன் அரைகுறை இந்தியில்.

கணக்கு அவள் இதுவரை பார்க்காத உயரத்துக்குப் போயிற்று. பெட்டியில் கொஞ்சம்தான் மிச்சம். அதில் ராஜாவும் ராணியும் ஏஸும்தான் அதிகம் இருந்தாக வேண்டும். அவளுக்குக் காது சூடானது.

"என்னங்க, பொங்குது! பொங்கி வழியுது!"

கமலக்கண்ணன் எல்லா வில்லையையும் இரண்டு கையாலும் முன்னால் தள்ளினான்.

அப்போது அவர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கருப்புக் கோட்டு குனிந்தது. வெகுநேரமாக அங்கேயே நின்றுகொண்டிருந்த சூப்பர்வைசர். நாற்பது வயதிருக்கும். நெஞ்சில் 'டிம்' என்று இங்கிலீஷில் பேட்ஜ்.

"தங்கச்சி," என்றார் அவர், அசல் ஓசூர்த் தமிழில், மெதுவாக, "பொங்கினது போதும்மா. அடுப்ப அணைச்சிரு."

கமலக்கண்ணன் தள்ளிய கை தள்ளியபடியே இருக்க, டிம் அந்த மணிப்பூர்ப் பெண்ணுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் பெட்டியிலிருந்த மிச்சச் சீட்டையெல்லாம் எடுத்து, மேசையிலிருந்ததோடு சேர்த்து, நிதானமாகக் கலைக்க ஆரம்பித்தாள்.

பயந்தபடிதான் அவர் பின்னால் மேல்தளத்துக்குப் போனார்கள். போலீஸைக் கூப்பிடுவாரோ, கம்பெனிக்குச் சொல்வாரோ, பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குள் எல்லாம் ஓடியது. அவரோ மூன்று டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆற்றின் மேல் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"என் பேரு திம்மப்பன். கெலமங்கலம். இங்க அவங்க வாயில நுழையலன்னு டிம் ஆக்கிட்டாங்க. உன் பேச்சு ஓசூர்ப் பக்கம்தான், அங்க எங்க?"

"பாகலூர் ரோடுங்க" என்றாள் சத்யப்ரியா.

"மொதப் பொட்டியிலயே தெரிஞ்சு போச்சும்மா. கொழம்பு கொட்டிருச்சுன்னு சொன்ன பாரு, அப்பவே. ஆனா தமிழ் கேட்டு எத்தன மாசமாச்சு! நீ தண்ணியா இருக்குங்கறதும், கொதிக்குதுங்கறதும்… வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு. அதான் பேசட்டும்னு விட்டுட்டேன். இவரு எல்லாத்தையும் தள்ளினப்பதான் இனிமே விட்டா என் வேலை போயிரும்னு வந்தேன்."

கமலக்கண்ணன் நிமிர்ந்தான். "சார், நாங்க ஏமாத்தலையே? கண்ணால பாத்தத மனசுல கூட்டினோம், அவ்வளவுதானே?"

"யாரு ஏமாத்தினீங்கன்னா? உங்க தலை, உங்க கணக்கு. ஜெயிச்சது உங்களுது, கொண்டு போங்க. ஆனா சீட்டுக்கட்டு எங்களுது. எப்ப வேணா கலைப்போம்."

"அப்படின்னா, அண்ணா," சத்யப்ரியாவுக்குப் பயம் போய் டீச்சர் புத்தி வந்துவிட்டது, "எண்ணினா ஜெயிக்கலாங்கறது நெஜமா, பொய்யா?"

திம்மப்பன் டீயை ஒரு வாய் குடித்தார். "நெஜம்தான். ஆனா நூறுக்கு ஒண்ணோ ஒண்ணரையோ. அதுக்கு மாசக்கணக்கா உக்காரணும், நெறையத் தோக்கறதுக்குத் தெம்பு வேணும், எங்க கண்ணுல படவும் கூடாது. வாரா வாரம் எண்ணத் தெரியும்னு நெனச்சுக்கிட்டுப் பத்துப் பேர் வர்றாங்கம்மா. பாதியில கோட்ட விட்டுருவாங்க. அவங்கள நாங்க வாங்க வாங்கன்னு கூப்பிட்டு, சாப்பாடு போட்டு உக்கார வைப்போம். நாங்களே நிறுத்தச் சொல்ற அளவுக்குச் சரியா எண்ணினவங்கள நான் இங்க சேந்ததுலருந்து ரெண்டு பேரத்தான் பாத்தேன். ஒருத்தரு வெள்ளக்காரரு."

"இன்னொருத்தரு?"

"மாம்பழக் கலர்ல பட்டுப் புடவை கட்டியிருக்கு."

சத்யப்ரியாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. பி.எட். முடித்தபோதுகூட இப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. வில்லைகளைத் திருப்பிக் கொடுத்தபோது கொண்டுபோனதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது. அதை அவள் இரண்டாம் தடவை பார்க்கக்கூட இல்லை. கெலமங்கலம் சந்தை இப்போதும் அதே இடத்தில்தான் கூடுகிறதா, ஓசூர் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார்களே என்றெல்லாம் திம்மப்பன் கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்ததையெல்லாம் அவள் சொன்னாள். அவர் தெலுங்குக்குத் தாவியபோது அவளும் தாவினாள், கன்னடத்துக்குப் போனபோது அங்கேயும் போனாள். ராஜபாளையத்துக் கமலக்கண்ணன் நடுவில் உட்கார்ந்து இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனசு இன்னும் அந்தப் பச்சைத் துணியிலேயே இருந்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு" என்றான் கடைசியில். "அந்தக் கடைசி ஆட்டத்துல எனக்கு என்ன சீட்டு வந்திருக்கும்?"

"அது அந்தப் பொண்ணு கலைச்சதோட போச்சு தம்பி."

போகவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அது ராணியும் பத்துமாக வந்திருக்கும் என்றான். பொங்கலுக்கு ராஜபாளையம் போனபோது ஏஸும் ஜாக்கியும் என்று மச்சான்களிடம் சொன்னான். கம்பெனி கேன்டீனில் அந்த ஏஸைக் கண்ணால் பார்த்ததாகவே சொல்லிவிட்டான். அப்படி வருவதற்கு இருபதில் ஒரு பங்குதான் வாய்ப்பு, கணக்கு ஏறியிருந்ததால் இன்னும் கொஞ்சம் கூட, தோற்பதற்கு அதைவிட எவ்வளவோ அதிகம் என்று சத்யப்ரியாவுக்குத் தெரியும். பக்கத்தில் யாராவது, "நெஜமா டீச்சர்?" என்று கேட்டால் அவள் ஆமாம் என்று தலையை ஆட்டுவாள்.

"ஸ்பேடு ஏஸ்" என்பாள்.