புது ஃபுட்போர்டு

ரயில்வே யார்டு சூப்பர்வைசர் ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தபோதே, வேகன்களைக் கோர்த்துவிடும் ஷண்டர் கட்டிலில் உஷாரானான். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு டீ வாங்கித் தராத மனுஷன், இன்று தலையணையைச் சரிசெய்கிறார்!

"கால் எப்படிப்பா இருக்கு?"

"ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு சார். வேகன் ஃபுட்போர்டு ஒடிஞ்சு விழுந்தவன் உயிரோட இருக்கேனே, அதைச் சொல்லுங்க."

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "ஒடியலையேப்பா! நானே பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கு. அவசரத்துல நீதான் வழுக்கி விழுந்துட்டே. ரிப்போர்ட்ல அப்படியே எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்துப் போடு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

கட்டிலருகே நின்ற மனைவி வெடுக்கென்று சொன்னாள்: "மருந்து மயக்கத்துல இருக்கார் சார். இப்ப எதுலயும் கையெழுத்துப் போட மாட்டார்."

"சரிம்மா. டாக்டரைப் பார்த்துட்டு வர்றேன்."

டாக்டரிடம் இவருக்கென்ன வேலை?

ஓடும் வேகனில் தொற்றிக்கொண்டிருந்தபோது காலடி இரும்பு மளுக்கென்று ஒடிந்ததே, அது கனவா? தன் தப்பு என்று ஒப்புக்கொண்டால் வேலை போகும். நொண்டிக் காலனை வேறு எவன் சேர்ப்பான்?

அப்போது மனைவியின் தம்பி வந்தான். அதே யார்டில் ஃபிட்டர். முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"மாப்ளே, அந்த வேகன் எங்கே?"

"கிளம்பிடுச்சு மாமா. புது ஃபுட்போர்டு மாட்டி..."

"யாரு மாட்டினது?"

"நான்தான்."

"அந்த சூப்பர்வைசர்கிட்ட எதுக்குடா விலை போனே?"

"அடப்பாவி!" என்றாள் அக்கா.

"சத்தியமா இல்லக்கா! லைனை அடைச்சுக்கிட்டு நிக்குது லோடு வண்டி. பின்னாடி பாசஞ்சர். சார் 'மாட்டுடா'ன்னார், கை தானா ஸ்பானரை எடுத்துடுச்சு. வண்டி போனப்புறம்தான் மண்டையில உறைச்சுது. ஒடிஞ்சதைத் தேடி ஓடினேன், காணோம்!"

நின்றுபோன வண்டியைக் கண்டால் யார்டில் எவன் கையும் சும்மா இருக்காது. தன் கையும் அதைத்தான் செய்திருக்கும் என்று ஷண்டருக்குத் தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரியும். ஆனால் இவன் நிஜமாகவே தேடி ஓடினானா, ஓடியதாகச் சொல்கிறானா?

டாக்டர் வந்தார். பின்னாலேயே சூப்பர்வைசர்.

"வழுக்கி விழுந்தீங்களாமே?" டாக்டரின் பேனா தயாராக இருந்தது.

"இல்லை டாக்டர். ஃபுட்போர்டு ஒடிஞ்சுது. நான் சொல்றதை எழுதுங்க."

"வலியில உளர்றான் டாக்டர்," என்று சிரித்தார் சூப்பர்வைசர். "அது நல்ல ஃபுட்போர்டு."

ஷண்டர் மைத்துனனையே வெறித்தான். அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இவரை எதிர்த்து வாய் திறந்தால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். திறப்பானா?

மைத்துனன் ஓரடி முன்னால் வந்தான்.

"நல்லா இருந்ததை எதுக்கு சார் என்னை மாத்தச் சொன்னீங்க?"

சூப்பர்வைசரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீங்க யாரு?" என்றார் டாக்டர்.

"ஃபிட்டர், டாக்டர். ஒடிஞ்ச துண்டைக் கழட்டினதும் நான்தான், புதுசை மாட்டினதும் நான்தான். யார் கேட்டாலும் சொல்றேன். எழுதிக்குங்க."

டாக்டர் எழுத ஆரம்பித்தார்.