அக்கா போட்ட பிழை

அந்த நெட்வொர்க்கில் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் பட்டறைக்கு மேலே, வெயில் காலத்தில் உட்கார முடியாத ஒரு மாடியறையில் அதை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். ஜனங்களின் பணப் பரிமாற்றங்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, அடியில் இருக்கும் பிளாக்செயின் என்னும் பெரிய பொதுக் கணக்கேட்டில் ஏற்றுவதுதான் வேலை. ஏற்றிய கட்டுக்குள் பொய் இருந்தால் ஒரு வாரத்துக்குள் காவல்காரர் யாராவது பிடித்துக் காட்ட வேண்டும், பிடித்தவருக்குப் பரிசு. வாரம் தாண்டிவிட்டால் பொய்யே உண்மையாகிவிடும். காவல்காரர்களில் அண்ணன்தான் மூத்தவர்.

இதில் ஒரு வேடிக்கை. காவல் இருக்கிறதென்று தெரிந்தால் எவன் திருட வருவான்? பொய் இல்லை, அதனால் பரிசும் இல்லை, காவல்காரர்கள் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். இதற்கு வழி கண்டுபிடித்தவள் அக்கா. வயதில் அண்ணனுக்குச் சின்னவள், ஆனாலும் ஊருக்கெல்லாம் அக்கா. யாரிடமும் மூச்சுவிடாமல் எப்போதாவது ஒரு பொய்க்கட்டைத் தானே நுழைத்துவிடுவாள். ‘பிழை’ என்று அதற்குப் பேர். யாரும் பிடிக்காவிட்டால் அது மட்டும் தானாக ரத்தாகிவிடும், ஒருவருக்கும் நஷ்டமில்லை. அந்த வாரம் காவல் முறை யாருடையதோ, அவர் பேர் மட்டும் காவல்காரர் பட்டியலிலிருந்து போய்விடும். அந்த விதியை எழுதியவர் சாட்சாத் நம்ம அண்ணன்தான்.

பிழையைப் பிடித்தவர் மேஜைமேல் இருக்கும் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்ட வேண்டும். சத்தம் கேட்டதும் கீழே பட்டறைக்காரர், மேலே சாப்பாடு தயாரா என்று குரல் கொடுப்பார். அக்கா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பாள். அண்ணன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. பிறகு நெட்வொர்க் வளர்ந்தது, மாடியறை போனது, ஆளுக்கொரு திசை. அக்கா எங்கேயோ தூர தேசத்தில். அவள் போடும் பிழை மட்டும் வந்துகொண்டிருந்தது. பிடிக்கும்போதெல்லாம், பேசாத தங்கை நலம் விசாரித்த மாதிரி அண்ணனுக்கு இருக்கும்.

இப்போது அதற்கும் வந்தது ஆபத்து. ஓட்டுரிமை தரும் டோக்கனைக் கை நிறைய வைத்திருப்பவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள்: இத்தனை வருஷத்தில் ஒரு பிழைகூடத் தப்பியதில்லை, பொது நிதியில் ஏன் வெட்டியாகப் பரிசு கொடுக்க வேண்டும், பிழை போடுவதை நிறுத்திவிட்டுக் காவல்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம் என்று. சம்பளம் என்றதும் அண்ணன் மனைவிக்கு முகம் மலர்ந்தது. அண்ணனோ வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாரம் முழுக்க விவாதப் பக்கத்தில் மல்லுக்கு நின்றார். யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுகிறார்கள் என்று கணக்குப் பார்க்க, காவல் பார்க்கிற மெஷினையே அதற்கு மாற்றிவிட்டார். அந்த வாரம் காவல் முறை தன்னுடையது என்பது அவருக்கு நினைவே இல்லை. மற்றவர்களும், அண்ணன் முறைதானே என்று எட்டிப் பார்க்கவில்லை.

ஓட்டெடுப்பு முடிய ஒருநாள் இருக்கையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்கும் குரல்.

"அண்ணா, தூங்கிட்டீங்களா?"

"பட்டப்பகல்ல என்ன தூக்கம்?"

"போன வாரம் ஒண்ணு போட்டேன். வாரம் முடிஞ்சு அதுவா ரத்தாயிடுச்சு."

அண்ணன் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன்" என்றாள் அக்கா. "எல்லாம் எல்லார் கண்ணுக்கும் தெரியற இடத்துலதான் கிடக்கு. பார்க்கத்தான் ஆளில்லை. நீங்க யோசிச்சுக்குங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? வாயைத் திறந்தால் தன் பேர் போகும், திறக்காவிட்டால் அக்காவின் பிழை போகும். விவாதப் பக்கத்தைத் திறந்து, பிழை ஒன்று தப்பிவிட்டது, முறை என்னுடையது, கோட்டைவிட்டவன் நான்தான் என்று எழுதினார். எழுதும்போது மானம் போய்க் கண் கலங்கியது.

மறுநாள் தீர்மானம் தோற்றது. அண்ணனே கோட்டைவிடுவார் என்றால் நம்ம கதி என்ன என்று பலர் ஓட்டை மாற்றிவிட்டார்கள். விதிப்படி அண்ணன் பேரும் பட்டியலிலிருந்து போயிற்று. அவர் எழுதிய விதி, அவரையா விட்டுவைக்கும்?

சாயங்காலம் மறுபடி போன். காவல்காரர் பிழை போடக் கூடாது என்றும் விதி இருந்ததை அக்கா ஞாபகப்படுத்தினாள்.

"இப்ப நீங்க காவல்ல இல்லையே. எனக்கும் முடியலை அண்ணா. இனிமே நீங்க போடுங்க."

அண்ணன் அலமாரியிலிருந்து அந்தப் பழைய டம்ளரை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார். மெஷின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷமாகப் பிழையைப் பிடித்தே பழகியவருக்குப் போட வரவில்லை. காபி கொண்டுவந்த மனைவியிடம், எப்படிப் போடுவதென்றே தெரியவில்லை என்று புலம்பினார்.

"வந்த சம்பளத்தை வேண்டாம்னு சொன்னவரு நீங்க" என்றாள் அவள், டம்ளரை நகர்த்திக் காபியை வைத்தபடி. "உங்களுக்குத் தப்பு பண்ண யாராவது சொல்லித் தரணுமா?"