அன்பான அனுமதியுடன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. பதினோரு வருடங்களுக்கு முன், எங்கள் நெதர்கோம்ப் கிராமத்தின் ஞாயிறு நடைக்காக ஒரு துண்டறிக்கை எழுதினேன். தேவாலயத்திலிருந்து சுண்ணாம்புக் காளவாய் வழியாக 'முயலும் மணியும்' பப் வரை மூன்று மைல். பறவைகள், ஒரு பழைய கல், கடைசியில் பியர். எல்லாம் எழுதி முடித்தபின் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. காலி இடத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். "நிலத்துக்காரர் திரு. டக்கெட் அவர்களின் அன்பான அனுமதியுடன்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

அனுமதியை யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டதுபோல எழுதுவது இந்த ஆங்கிலேய ஊரில் மரியாதை. [நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. என்னை இடித்துவிட்டுப் போனவனிடம் நானே மன்னிப்புக் கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டேன்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அக்டோபர் வெயில் வயல்களின் மேல் தேன்போல…"

வேண்டாம். அன்று வெயிலே இல்லை, தூறல்.

"டோரின் பிளாட்ச்ஃபோர்ட் எழுபத்தொரு வயதிலும் வேலிப்படிகளைத் தாவி…"

இதுவும் பொய். வேலியைக் கடக்கப் போட்ட அந்தப் படிகளில் ஏறும்போது, ஞாயிறுதோறும் என்னோடு நடக்கும் டோரின் என் தோளைப் பிடித்துக்கொண்டு என்னையே திட்டுவார்.

உண்மையான தொடக்கம் ஒரு வழக்கறிஞரின் கடிதம். டக்கெட் போன வருடம் பண்ணையை விற்றார். வாங்கியவர் எங்கள் பாதையில் 'தனியார் இடம், நுழையாதே' என்று பலகை அடித்தார். அரசாங்க வரைபடத்தில் அந்தப் பாதை விட்டுப்போயிருந்தது. ஆனால் இங்கே ஒரு சட்டம் உண்டு: ஒளியாமல், மிரட்டாமல், யாரிடமும் கேட்காமல் இருபது வருடம் மக்கள் நடந்திருந்தால் அது பொதுவழி. கேட்டு நடந்திருந்தால் அது நிலத்துக்காரர் காட்டிய சலுகை, அவ்வளவுதான். டோரின் வீடு வீடாகப் போய் நாற்பத்து மூன்று சாட்சிக் கடிதங்கள் வாங்கினார். திங்கட்கிழமை விசாரணை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் துண்டறிக்கையின் நகலை டோரினுக்கு அனுப்பினார். கடைசி வரிக்கு அடியில் சிவப்புக் கோடு.

என் எழுத்தை அதுவரை யாரும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. அதில் என் பெயர் இல்லாததால் டோரினுக்கு விஷயம் தெரியாது.

3

ஞாயிறு காலை நாங்கள் இருவர் மட்டும் நடந்தோம். பலகையைத் தாண்டும்போது டோரின் அதற்கு ஒரு வணக்கம் வைத்தார். மேட்டுக் குடியிருப்பில் செத்தவர்களை ஒரு காலத்தில் இந்த வழியாகத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிவந்தார்கள். பாதி வழியில் பெட்டியை இறக்கிவைக்க ஒரு தட்டைக் கல் உண்டு. டோரின் அதில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார்.

"இதுல படுத்துட்டுப் போனவன் எவனாவது அனுமதி கேட்டானா? சொல்லும் எழுத்தாளரே. அந்த நோட்டீசை எழுதின மடையன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

நான் தேநீரைப் பார்த்தேன்.

"யாரா இருக்கும்?"

"பழைய பாதிரியாரா இருக்கும்," என்றேன்.

(அடிக்குறிப்பு: பாதிரியார் நல்லவர். ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். அவர்மேல் பழிபோட்டதற்கு வெட்கப்படுகிறேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கட்டும்.)

4

இந்தக் கதைசொல்லியை எனக்கே பிடிக்கவில்லை. இவ்வளவு கோழையா? மாற்றி எழுதிப்பார்த்தேன்: கல்லருகிலேயே அவன் ஒப்புக்கொள்கிறான், டோரின் கண்கலங்கி அவன் கையைப்…

டோரின் கண்கலங்கமாட்டார், பிளாஸ்க்கால் அடிப்பார். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

பப்பில் கிளைவ் டக்கெட் கணப்பருகே உட்கார்ந்திருந்தார், காலடியில் நாய். மூவருக்கும் நான் பியர் வாங்கிவந்தேன். டோரின் துண்டறிக்கையை மேசையில் விரித்தார். கிளைவ் கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது நீ எங்க கதவிடுக்குல போட்டுட்டு ஓடினதாச்சே, தம்பி."

டோரின் கிளாசைக் கீழே வைத்தார். "என்னது?"

"நான்தான் எழுதினேன்," என்றேன். "பாதிரியார் இல்ல. கீழ கொஞ்சம் இடம் மிச்சமிருந்துது, சேர்த்துட்டேன்."

"நாப்பத்து மூணு வீடு ஏறி இறங்கினேன்யா. முட்டி இன்னும் வலிக்குது. இடம் மிச்சமிருந்துதாம்."

கிளைவ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இவன் எங்க கேட்டான், நான் எங்க குடுத்தேன்? இது வந்த அன்னைக்கே என் வீட்டுக்காரி கேட்டா, நீங்க எப்ப இவ்ளோ அன்பானவரா ஆனீங்கன்னு. ஒருத்தனும் என்கிட்ட வந்து கேட்டதில்ல. கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்."

"இதை நாளைக்கு வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன். ஆனா இட்டுக்கட்டினதுன்னு இவன் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

மூன்று நாளாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. கற்பனையை உண்மைபோல எழுதியே காலம் தள்ளியவன், முதல் தடவையாக 'இது கற்பனை' என்று எழுதி ஒரு நல்ல காரியம் செய்யப்போகிறேன். துண்டறிக்கையின் பின்பக்கத்திலேயே வேகமாக எழுதினேன். டோரின் வாங்கிப் படித்தார். பேனாவைப் பிடுங்கி முதல் வரியை அடித்தார்.

"தங்கள் அன்பான அனுமதியுடன் தெரிவித்துக்கொள்வது" என்று தொடங்கியிருந்தேன்.

"உமக்கு வைத்தியமே கிடையாது," என்றார். அடுத்த சுற்று பியரை அவர் வாங்கினார்.

5

முடிவு அ: நாங்கள் வென்றோம். பலகையைக் கழற்றி கிளைவின் நாய்க்கு வீடு கட்டி…

முடிவு ஆ: தோற்றோம். பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை.

முடிவு இ: விசாரணை அதிகாரியே ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் அந்தக் கல்லில் உட்கார்ந்து…

எதையும் முடிக்கப்போவதில்லை. திங்கட்கிழமை கிளைவ் சொன்னதைச் சொன்னார். என் பொய்யை நானே எழுந்து வாசித்தேன். அதிகாரி சிரிக்காமல் குறித்துக்கொண்டார். தீர்ப்பு வரப் பல மாதம் ஆகுமாம். நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிறோம். எனக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது.

மிச்சத்தை நீங்கள் வந்துதான் முடிக்க வேண்டும். தேவாலயத்துக்குப் பின்னால் இடப்பக்கம் வேலிப்படி. பலகை இருக்கும். கல்லில் கொஞ்சம் உட்காரலாம், பப் மதியம் திறந்திருக்கும். ஒன்று மட்டும்: வழியில் யாரைப் பார்த்தாலும் வானிலையைப் பற்றிப் பேசுங்கள், போகலாமா என்று கேட்டுவிடாதீர்கள்.